ஏகாம்பரம் உயிரோடு இருக்கிறாரா?

நான் ஒரு மனிதரை எழுத்தில் கொன்றிருக்கிறேன். அவர் பெயர் ஏகாம்பரம். கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில் பெட்டிக்கடை வைத்திருந்த தேசம்மாளின் கணவர். நான் அவரைக் கொன்ற அன்று அவர் எனக்கு எதிரே நின்று, எனக்காகவே ஒரு கோலி சோடாவை உடைத்துக்கொண்டிருந்தார். அது நடந்து பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. இந்த முறை நான் விமானம் ஏறி வந்தது, அவர் உண்மையில் உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பதற்குத்தான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பொருளாதாரம் படித்தவன். ஒரு சிகரெட் கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். சிகரெட்டை ஒற்றையாக விற்கக் கூடாது, பாக்கெட்டாகத்தான் விற்க வேண்டும் என்று சட்டம் வரப்போவதாகப் பேச்சு எழும்போதெல்லாம் அதை எதிர்த்து மனு எழுதுவது என் பொறுப்பு. மனுவில் கம்பெனியின் பெயர் இருக்காது. ஏழைக் கடைக்காரர்கள் தாங்களே எழுதியது போல இருக்கும். புண்ணான வாயும் கருகிய நுரையீரலும் பாக்கெட்டின் மேல் படமாக இருக்கின்றன. ஒற்றைச் சிகரெட் வாங்குகிறவன் பாக்கெட்டையே பார்ப்பதில்லை. முதல் சிகரெட்டை யாரும் பாக்கெட்டாக வாங்குவதும் இல்லை. இதெல்லாம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

மனுவில் முதல் கையெழுத்து ஒரு பெண்ணுடையதாக இருந்தால் நல்லது என்றார் என் மேலதிகாரி. விதவையாக இருந்தால் இன்னும் நல்லது என்று நான் நினைத்தேன். இந்த யோசனை முழுக்க என்னுடையது. தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்த மனுவின் அடியில் 'காலஞ்சென்ற ஏகாம்பரத்தின் மனைவி, விதவை, தேசம்மாள்' என்று ஆங்கிலத்தில் நிரப்பி, சோடாவைக் குடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

இப்போது நான் மகளோடு கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு ஏரிக்கரை நகரத்தில் இருக்கிறேன். மகள் அங்கே மருத்துவர். அவளுடைய வேலைக்கு இடைஞ்சல் வேண்டாம் என்பதால் நாட்டின் பெயரைச் சொல்லவில்லை. அங்கேயும் ஒற்றைச் சிகரெட் விற்பனையை நிறுத்தும் பேச்சு வந்திருக்கிறது. அங்கேயும் 'சிறுகடைக்காரர்கள்' மனு கொடுத்திருக்கிறார்கள். மகள் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். 'ஒரு லட்சம் அடுப்புகள் அணைந்துபோகும்' என்று இருந்தது. அந்த நாட்டு ஆங்கிலத்தில் லட்சம் என்று எழுதும் வழக்கமே கிடையாது. என் வாக்கியத்தை யாரோ அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து அங்கேயும் ஒரு விதவை.

"இது நான் எழுதினது. கும்மிடிப்பூண்டியில ஒரு கடைக்கார அம்மாவை விதவையாக்கி" என்றேன்.

மகள் தாளைக் கீழே வைத்தாள். பிறகு, "அந்த அம்மாவோட வீட்டுக்காரர் நிஜமாவே இறந்துட்டாராப்பா?" என்று கேட்டாள்.

"அப்போ இல்ல."

"இப்போ?"

எனக்குத் தெரியவில்லை. "போய்ப் பாருங்க. அவங்ககிட்ட உண்மையைச் சொல்லுங்க. சொல்லிட்டு வந்து இங்க உங்க பேர்ல எழுதிக் குடுங்க" என்றாள். மருந்துச் சீட்டு எழுதித் தருகிற குரலிலேயே சொன்னாள்.

முதல் நாளே தவறான ரயிலில் ஏறினேன். சென்னையில் கும்மிடிப்பூண்டி வண்டியும் திருவள்ளூர் வண்டியும் அடுத்தடுத்து நின்றன. சன்னலோரம் இடம் இருந்த வண்டியில் ஏறிவிட்டேன். எதிரே ஒரு அம்மாள் மடியில் முறத்தை வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆவடியெல்லாம் கடந்த பிறகு, கும்மிடிப்பூண்டி இன்னும் எத்தனை நிறுத்தம் என்று அவரிடம் கேட்டேன்.

அவர் கீரையைக் கீழே வைத்தார். "இன்னா சாரு, இது திருவள்ளூர் வண்டி. நீ போவ வேண்டியது அந்தாண்ட. இம்மா நேரம் வேடிக்கை பாத்துக்கினு வந்தியே, ஒரு டவுட்டு கூட வரல?"

பெட்டி முழுக்கச் சிரித்தது. "பெருசு ஃபாரின் மாதிரி கீது, விடுங்கம்மா" என்று யாரோ பரிந்து பேசினார். செவ்வாப்பேட்டையில் இறக்கிவிட்டார்கள். அங்கே ஒரு சமோசா தின்றேன். வெங்காயம் வேகாத, காரம் தூக்கலான சமோசா. என் மகளின் ஊரில் சமோசாவுக்கும் இதே பெயர்தான், ஆனால் உள்ளே பட்டாணி. அடுத்த வண்டியில் திரும்பிப் போகலாமா என்று யோசித்து, திரும்பாமல் திருவள்ளூருக்கே போனேன். அந்த மனுவை நான் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான வட்டமான ஊதா முத்திரை வாங்கியது திருவள்ளூர் கலெக்டர் அலுவலகத்தில்தான்.

சாயங்காலம் கோயில் குளத்தருகே நடந்தேன். அங்கே வெல்லம் வாங்கிக் குளத்தில் கரைப்பார்கள். வெல்லம் கரைவது போல நோய் கரையும் என்று நம்பிக்கை. வெல்லம் விற்ற பெண் ஒரு பொட்டலத்தை நீட்டினார். "யாருக்கு சாமி நோவு?"

"நிறைய பேருக்கு" என்றேன்.

"அப்போ ரெண்டா வாங்கிக்கோ."

வாங்கினேன். எறும்பு வராமல் கரைத்து முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

இரண்டாம் நாள் காலை நாஷ்டா இட்லியும் வடகறியும். அந்த வடகறிக்காகவே இந்த மாவட்டத்தில் தவறான ரயிலில் ஏறலாம். பிறகு பேருந்து. கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். மகளின் ஊரில் வாடகை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து உயிரைக் கையில் பிடிக்க வைப்பார்கள். இங்கே ஒரு ஆட்டோவில் ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கையில், பிடிப்பதற்குக் கை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. என் ஒரு முழங்காலில் இரும்பு ஆலைக்குப் போகும் ஒடிசாக்காரர் ஒருவரின் சாப்பாட்டுப் பை இருந்தது. வியர்வையைத் துடைக்க மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன். இறங்கும்போது கண்ணாடி ஆட்டோவிலேயே போய்விட்டது. தூரத்துக்கு நன்றாகத் தெரியும். படிக்கத்தான் முடியாது. மூன்று நாளைக்குப் படிப்பதற்கு என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

கடை அதே இடத்தில் இருந்தது. எங்கள் கம்பெனி போட்டுக்கொடுத்த பெயர்ப்பலகை துருப்பிடித்து, 'தேசம்மா' மட்டும் மிச்சமிருந்தது. வாழைத்தார், மிக்சர் பொட்டலச் சரம், ஷாம்பு சரம், கயிற்றில் கட்டித் தொங்கும் லைட்டர். ஒரு கண்ணாடித் தம்ளரில் ஒற்றைச் சிகரெட்டுகள், பூங்கொத்து மாதிரி. கல்லாவில் தேசம்மா. நரைத்திருந்தார், பருத்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் யாரும் இல்லை.

அந்தக் காலி ஸ்டூலை நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா வோணும்?" என்றார் தேசம்மா.

"உங்க வீட்டுக்காரர்..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தாளா?" அவர் கடைக்குப் பின்னால் திரும்பிக் கத்தினார். "யோவ்! உன்னிய யாரோ தேடிக்கினு வந்துகீறாங்க. கடன் குடுத்தவனா பாரு!"

சாக்குப் படுதாவை விலக்கிக்கொண்டு, ஒரு கையில் மீன் கழுவிய தண்ணீர் வாளியோடு ஏகாம்பரம் வந்தார். ஒல்லி. பனியன். பல் இரண்டு குறைவு. ஆனால் உயிரோடு. நான் அவரைக் கட்டிப்பிடிக்கவில்லை. ஒரு மோர் கேட்டேன். இரண்டாவதாகவும் கேட்டேன்.

"நைனா எங்கியோ பாத்தாப்ல கீது" என்றார். குரல் அறுபட்டு வந்தது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு முறை இருமினார். நான் கம்பெனியின் பெயரைச் சொன்னதும் இருவருக்கும் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அட, லைசன்ஸ் வாங்கிக் குடுத்த சாரு!" என்றார் தேசம்மா.

"லைசன்ஸா?"

அவர் கையை உயர்த்திக் காட்டினார். வேங்கடாசலபதிக்கும் மாதா படத்துக்கும் நடுவில், சந்தனமும் குங்குமமும் வைத்து, பிளாஸ்டிக் மாலை போட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் என் மனு. முதல் கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு நகலைச் சட்டம் போட்டுக் கொடுப்பது எங்கள் கம்பெனி வழக்கம். அவர் மனம் மாறாமல் இருக்கத்தான். ஊதா முத்திரையைப் பார்த்து, அது சிகரெட் விற்கச் சர்க்கார் கொடுத்த லைசன்ஸ் என்று தேசம்மா முடிவு செய்துவிட்டார்.

"எவன் செக்கிங் வந்தாலும் காட்டுவேன். ரவுண்டு சீலப் பாத்தா ஒரு டீ குட்சிட்டுப் பூடுவான். இங்கிலீசு ஆரு படிப்பா? இப்போதான் பேஜாரு. போன வருசம் இஸ்கூலு கேட்ட இந்தப் பக்கம் திருப்பி வெச்சிட்டாங்க. நாளைக்கு ஒரு அம்மா டேப்பு எத்துக்கினு வருதாம். வரட்டுமே, இது கீதே!"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தேசம்மா பழவேற்காட்டுக்காரர். அண்ணன் அன்று காலை ஏரியில் பிடித்து அனுப்பிய மடவை மீன் குழம்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. "சாப்பிட்டுதான் போவணும்" என்றார். சாப்பிட்டேன். அவ்வளவு நல்ல குழம்பை என் வாழ்நாளில் அவ்வளவு குற்ற உணர்வோடு நான் சாப்பிட்டதில்லை. இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டதையும் மறைக்க விரும்பவில்லை.

சாப்பிடும்போது ஒன்று கவனித்தேன். பாக்கெட் வந்ததும் தேசம்மா சிகரெட்டுகளை உருவித் தம்ளரில் நிறுத்திவிட்டு, காலி அட்டையைப் படம் தெரியாமல் கவிழ்த்து அடுப்பில் போட்டார். "அந்த வாயப் பாத்துக்கினு எப்டி சோறு துன்றது? வாங்குறவனும் சங்கடப்படுவான் இல்ல" என்றார். நாங்கள் விளம்பரத்துக்குக் கொட்டிய பணத்தில் சாதிக்காததை அவர் மரியாதைக்காகச் செய்துகொண்டிருந்தார்.

கும்மிடிப்பூண்டியில் எடுத்திருந்த அறைக்குத் திரும்பி மகளிடம் போனில் சொன்னேன். "அவர் உயிரோடு இருக்கார்!"

"நல்லது. சொல்லிட்டீங்களா?"

"மீன் குழம்பு பிரமாதம்" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் பத்து மணிக்கு சுகாதார ஆய்வாளர் வந்தார். முப்பது வயதுப் பெண், ஸ்கூட்டரில், தோளில் அளக்கும் டேப். நான் அதற்கு முன்பே போய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். சொல்லத்தான் போயிருந்தேன். இரண்டு வாழைப்பழம் தின்று முடிப்பதற்குள் அவர் வந்துவிட்டார்.

"ஸ்கூல் கேட்லருந்து நூறு கஜத்துக்குள்ள புகையிலை விக்கக் கூடாதும்மா. தெரியும் இல்ல?"

தேசம்மா பதிலே சொல்லாமல் சட்டத்தை இறக்கி, முந்தானையால் துடைத்து, அவர் கையில் கொடுத்தார். ஆய்வாளர் உற்றுப் பார்த்தார். பதினைந்து வருடச் சாம்பிராணிப் புகை. எழுத்தெல்லாம் மங்கி, சந்தனம் வழிந்து கிடந்தது.

"ஒண்ணும் தெரியலையே. இது என்ன பேப்பர்?"

"சாரு படிச்சவரு. சாரு, நீயே படிச்சுச் சொல்லேன்" என்று தேசம்மா சட்டத்தை என் மடியில் வைத்தார். அவர் முகத்தில் அவ்வளவு தைரியம்.

நான் படித்தேன். தமிழாக்கிச் சொன்னேன். "மதிப்பிற்குரிய ஐயா. கும்மிடிப்பூண்டி வட்டாரச் சிறுகடைக்காரர்களாகிய நாங்கள் தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது..." ஒரு லட்சம் அடுப்புகள் அணையும் இடம் வந்தது. சொன்னேன். கடைசிப் பத்தி வந்தது. அந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. ஏகாம்பரம் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"'இப்படிக்கு, காலஞ்சென்ற ஏகாம்பரத்தின் மனைவி, விதவை, தேசம்மாள்.'"

லாரி ஒன்று போனது.

முதலில் பேசியது ஆய்வாளர்தான். "சார், நீங்க கண்ணாடியே போடலையே. குனிஞ்சு கூடப் பாக்கல. எப்படிப் படிக்கிறீங்க?"

"மனப்பாடம்மா. நான் எழுதினது." தேசம்மாவின் பக்கம் திரும்பினேன். "இது லைசன்ஸ் இல்லம்மா. ஒத்தைச் சிகரெட்டைத் தடை பண்ணக் கூடாதுன்னு கம்பெனிக்காக நான் எழுதின மனு. உங்க பேரை உபயோகப்படுத்திக்கிட்டேன். பரிதாபம் வரட்டும்னு உங்க வீட்டுக்காரரைச் சாகடிச்சுட்டேன். என் பொண்ணு இருக்கற வெளிநாட்டு ஊர்லயும் ஒரு கடைக்காரம்மா பேர்ல இதையே எழுதியிருக்காங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன். நேத்தே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

தேசம்மா எழுந்து நின்றார். லைசன்ஸ் போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இன்னாது? விதவையா? இந்தாளு கல்லு மாதிரி எதிர்ல நின்னுக்கினு சோடா ஒடச்சிக் குடுக்கறான், அதக் குட்சிக்கினே எழுதினியா? நீயெல்லாம் படிச்சவனா? பதினஞ்சு வருசமா அதுக்குப் பூவு போட்டு, பொட்டு வெச்சி, கற்பூரம் காமிச்சிக்கினு கீறேன்! என் தாலிய நானே அறுத்து மாட்டி வெச்சிக்கினு கும்பிட்டுக்கினு கீறேன்! நேத்து மீனு வேற துன்னான்! ரெண்டு தபா சோறு வாங்கினான்!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது வாளியின் மேல் இருந்து ஒரு சத்தம் வந்தது. ஏகாம்பரம் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் திரும்பச் சிரிப்பாகி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"விடுமே. செத்தவனுக்குன்னு ஒரு நாளு கூட வடை பாயசம் போட்டதில்லியே நீ. அதாம் எனக்கு வருத்தம்!"

"உன்னிய யாருய்யா கேட்டா? இருமிக்கினே பேசாத!" என்றார் தேசம்மா. ஆனால் உட்கார்ந்துவிட்டார்.

ஆய்வாளர் சிரிப்பை அடக்கி, டேப்பைப் பிரித்தார். "நான் அளந்துதான் ஆகணும்மா. இந்த முனையை யாராவது பிடிக்கணும்."

ஏகாம்பரம் எழுந்துபோய்ப் பிடித்துக்கொண்டார். சிப்காட் சாலையில், காலஞ்சென்றவர் டேப்பின் ஒரு முனையோடு பள்ளி கேட்டை நோக்கி நடந்ததை நான் பார்த்தேன். இருபது அடிக்கு ஒரு முறை நின்றார், இருமினார், நடந்தார். நான் எழுதியதைப் பொய்யாக்க அவர் தினமும் பாடுபட்டுக்கொண்டிருக்கிறார். அதை மெய்யாக்க எங்கள் சரக்கு அவருக்குள் பாடுபட்டுக்கொண்டிருக்கிறது.

அறுபது கஜம்கூட இல்லை. ஒரு வாரத்துக்குள் சிகரெட்டை எடுத்துவிட வேண்டும் என்று ஆய்வாளர் சொன்னார்.

"எதிர்க்கடை?" என்றார் தேசம்மா.

"அதையும் அளக்கப் போறேன்."

"அத மொதல்ல அள. நான் மூடி அவன் தொறந்து வெச்சிருந்தா இன்னா பிரயோசனம்? எல்லாருக்கும் மூடு, நானும் மூடுறேன். எனக்கு மட்டும் ஆசையா? இந்தாளு இருமறத ராத்திரி பகலாக் கேக்கறவ நானு."

உலகத்தின் பல நாடுகளில் பெரிய பெரிய அரங்குகளில் உட்கார்ந்து நான் கேட்ட உரைகள் எதிலும் இந்த விஷயம் இவ்வளவு சுருக்கமாக வந்ததில்லை. அதைக் குழப்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

ஆய்வாளர் டேப்போடு எதிர்க்கடைக்குப் போனார். தேசம்மா சட்டத்தைத் திருப்பி, பின்பக்கத்து ஆணியைப் பிடுங்கி, என் மனுவை வெளியே எடுத்தார். அதை என் கையில் கொடுக்கவில்லை. மீன் செதில் கிடந்த குப்பைக் கூடைக்குள் போட்டார். பிறகு கடையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டையும் பேனாவையும் தூக்கி என் மடியில் எறிந்தார். தன் மூக்குக் கண்ணாடியையும் கழற்றிக் கொடுத்தார். ஒரு கால் நூலால் கட்டியிருந்தது. எனக்குச் சரியாகவே இருந்தது.

"உன் பொண்ணு ஊர்ல ஒரு கடைக்காரம்மா பேர்லயும் இதே மாதிரி எழுதிக்கீறாங்கன்னியே. அங்க காட்டறதுக்கு எழுது. நான் சொல்றத எழுது. நீ ஒரு வார்த்தை சேக்கக் கூடாது."

"சேக்க மாட்டேன்."

"மொதல் வரி. என் ஊட்டுக்காரரு ஏகாம்பரம் உசுரோட கீறாரு."

எழுதினேன். அடுத்து, கையெழுத்து தன்னுடையது, வார்த்தை தன்னுடையது இல்லை என்றார். ஒற்றையாக விற்றதும், படத்தை மறைத்ததும் உண்மை என்றார். கடைசியாக, "அந்த ஊரு அம்மாவோட ஊட்டுக்காரரு உசுரோட கீறாரான்னு யாராச்சும் போயிப் பாருங்க" என்றார். மொத்தம் முக்கால் பக்கம். முழுவதையும் படித்துக் காட்டச் சொல்லி, இரண்டு முறை கேட்டு, பிறகு கையெழுத்துப் போட்டார்.

"சாட்சி வேணும்" என்றேன்.

ஏகாம்பரம் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தார். நிறுத்தி நிறுத்தி எழுத்துக் கூட்டினார். நடுவில் ஒரு இருமல் வந்ததில் 'ப' கொஞ்சம் கோணிவிட்டது. எழுதி முடித்ததும் நோட்டை என்னிடம் தராமல் பிடித்துக்கொண்டார்.

"தேதி போடு நைனா. மணியும் போடு. நாளைக்கு இன்னொரு படிச்சவன் வந்து நான் போன மாசமே பூட்டேன்னுவான்."

போட்டேன். பதினொன்று இருபது.